ஊசியா? ஒளியா?



சென்ற மாதம் சிங்கப்பூர் தேக்காவில், என்னிடம் படித்த பெண்ணொருத்தியைச் சந்தித்தேன். தோசை வந்த பிறகும் அவள் முகக்கவசத்தைக் கழற்றவில்லை. காரணம் கேட்டதும் கண் கலங்கிவிட்டாள். முகவாயில் லேசர் பட்ட இடமெல்லாம் கருந்தழும்பு.

"நூல் போட்டு எடுத்தால் திரும்பத் திரும்ப முளைக்குது டீச்சர். லேசர் வைத்தால் ஒரேயடியாகப் போய்விடும்னு அழகு நிலையத்தில் சொன்னாங்க, நம்பிட்டேன்" என்றாள்.

நம் தோட்டத்துப் பெண்கள் பலருக்கும் இந்தக் கவலை உண்டு. ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன்.

மின் ஊசி முறை பழையது. கண்ணை உறுத்தும் இமைமயிரைப் போக்க, 1875-இல் அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் மிச்செல் இதைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு ரோமத்தின் வேரிலும் மெல்லிய ஊசியை நுழைத்து, மின்சாரம் செலுத்தி, வேரை அழிப்பார்கள். கறுப்பு முடி, நரைமுடி எதற்கும் ஏற்றது. ஆனால் ஓர் இழைக்குப் பின் மற்றோர் இழை என்பதால் மாதக்கணக்கில் நடக்க வேண்டும், வலியும் உண்டு. ஒருவருக்குக் குத்திய ஊசி மற்றவருக்குக் கூடாது.

லேசர் 1990-களில் புழக்கத்துக்கு வந்தது. முடியிலுள்ள கருநிறப் பொருளை ஒளி சுட்டு வேரைக் கெடுக்கிறது. கை, கால் போன்ற பரந்த இடங்களை விரைவில் முடிக்கலாம். நரைமுடிக்குப் பயன்படாது. அதே கருநிறப் பொருள் நம் தோலிலும் இருக்கிறதல்லவா? கருவி பொருந்தாவிட்டால் தோல் வெந்துவிடும். நம் போன்ற கறுத்த மேனிக்கு 1064 நானோமீட்டர் 'என்டி யாக்' லேசரே மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. சிலருக்கு முகத்தில் முடி கூடுவதும் உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மின் ஊசியை 'நிலையாக நீக்குவது' என்றும், லேசரை 'நிலையாகக் குறைப்பது' என்றும் பிரித்துச் சொல்கிறது. 'ஒரேயடியாகப் போகும்' என்ற பேச்சில் ஏமாறாதீர்கள்.

இன்னொன்று. முகத்தில் முடி அதிகமாகி, மாதவிலக்கும் தவறினால், அது சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறாக இருக்கலாம். அப்போது அழகு நிலையத்துக்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

அந்தப் பெண்ணைப் பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கிக்கொண்டு, மண்டலே சாலையிலுள்ள தேசியத் தோல் நிலையத்துக்குப் போகச் சொன்னேன். கிளம்பும்போது அவள் கேட்டாள்: "அம்மாவுக்குத் தெரிந்தால் திட்டுவாங்களே, டீச்சர்?"

தாய்மார்களே, "மீசைக்காரி" என்று வீட்டில் நாம் கேலியாகச் சொல்லும் சொல்தான் பிள்ளைகளை இப்படி ஒளிந்து ஓட வைக்கிறது. அந்தச் சொல்லை முதலில் நிறுத்துவோம்.