பொறுப்பில் இருப்பவர் யார்?

2003 நவம்பர் 14ஆம் திகதி நோர்வேயின் துணை வெளிநாட்டமைச்சர் விதார் ஹெல்கசனும் விசேட தூதுவர் எரிக் சொல்ஹெய்மும் கொழும்பில் பத்திரிகையாளரைக் கூட்டி ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போனார்கள். அரச தரப்பில் சமாதான முயற்சிக்குப் பொறுப்பானவர் யார்? பத்து நாட்களுக்கு முன்னர்தான், பிரதமர் ரணில் விக்கிரமசிங்க வாஷிங்டனில் இருந்த வேளையில், ஜனாதிபதி சந்திரிகா பாதுகாப்பு, உள்நாட்டு, ஊடக அமைச்சுகளைத் தன் கையில் எடுத்திருந்தார். விடை தெரியும்வரை அனுசரணைப் பணி இடைநிறுத்தம் என்றார்கள்.

இதைச் சொல்லி நம் இலக்கியக் கூட்டங்களில் இன்றும் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. அந்தத் தலைமை இழுபறி மட்டும் வராதிருந்தால் காரியம் கைகூடியிருக்குமாம். மன்னிக்க வேண்டும், இந்தப் பெருமூச்சில் என்னால் சேர்ந்துகொள்ள முடியவில்லை. புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகிக்கொண்டது 2003 ஏப்ரல் 21இல். யூன் மாதம் தோக்கியோவில் உதவி வழங்கும் நாடுகள் 450 கோடி டொலர் தருவதாக வாக்களித்தபோது அவர்கள் அங்கே வரவே இல்லை. சந்திரிகா நவம்பரில் தட்டிப் பறித்தது ஏற்கெனவே ஆறிப்போன சோறு.

என் கோபம் வேறு. பொறுப்பில் இருப்பவர் யார் என்று அவ்வளவு அக்கறையோடு விசாரித்தவர்கள், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் துரத்தப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களுக்காகப் பேசப் பொறுப்பானவர் யார் என்று ஒருநாளாவது தங்கள் பயணத்தை நிறுத்திவைத்துக் கேட்டார்களா?

உயிலங்குளத்தை அறிந்தவர்கள் என் கோபத்தையும் அறிவார்கள். 2002 பெப்ரவரி 22 ஒப்பந்தத்தின் பின் மன்னார்ப் பக்கத்தில் இரு ஆட்சிகளுக்கும் இடையிலான வாசல் அது. அதைத் தாண்டினால் அடம்பன், அதற்கும் அப்பால் எங்கள் விடத்தல்தீவு. பன்னிரண்டு வருடம் புத்தளத்து ஓலைக் கொட்டிலில் கிடந்த என் மாமா அந்த வருடம் ஊர் பார்க்கப் போனார். சோதனைச்சாவடியில் ஒரு பொடியன் எழுதிக்கொண்டே கேட்டானாம்: "ஐயா, எப்ப திரும்புவியள்?" மாமா சொன்னாராம்: "இப்பதான் தம்பி திரும்பிறன்." அவனுக்கு விளங்கவில்லை. அவன்மேல் குற்றமில்லை, அவன் வைத்திருந்த கொப்பியில் போகிற நாளும் வருகிற நாளும்தான் இருந்தன.

ஒஸ்லோவின் கொப்பியும் அப்படித்தான். ஒப்பந்தத்தின் முகவுரையில் நாங்கள் இருக்கிறோம், இல்லையென்று சொல்லவில்லை. மோதலில் நேரடியாகச் சம்பந்தப்படாத மக்களும், குறிப்பாக முஸ்லிம்களும், துன்பப்படுகிறார்கள் என்று அனுதாபம் தெரிவித்திருக்கிறார்கள். சம்பந்தப்படாதவர்கள்! வீட்டுத் திறப்பையும் கொடுத்துவிட்டுக் கடல்வழியே கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர்கள் சம்பந்தப்படாதவர்களாம்.

துப்பாக்கி வைத்திருப்பவர்களோடு பேசித்தானே துப்பாக்கியை நிறுத்த முடியும் என்று நண்பர்கள் கேட்பார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். யுத்தநிறுத்தத்தில் இரண்டு கையெழுத்துப் போதும். ஆனால் சுனாமி நிவாரணத்தில் என்ன துப்பாக்கி? கடல் மிக அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில், அங்கே முஸ்லிம் கிராமங்கள் எப்படி அழிந்தன என்பது உலகறிந்தது. அப்படியிருந்தும் 2005 யூன் 24இல் ஒப்பமிடப்பட்ட நிவாரணப் பொதுக்கட்டமைப்பில் கையெழுத்துகள் இரண்டேதான். பிராந்தியக் குழுவில் பத்தில் மூன்று ஆசனம் தந்தார்கள். ஆசனம் உண்டு, கையெழுத்து இல்லை. கல்யாணப் பந்தலில் கதிரை போட்டுவிட்டு வலீமாவுக்குச் சொல்லாமல் விடுகிற மரியாதை. யூலையில் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை உத்தரவு போட்டது வேறு கதை.

அடுத்து வந்த ஆட்சி மாற்றத்தைப் பாருங்கள். 2005 ஒக்டோபரில் நோர்வேயில் புது அரசாங்கம், நவம்பரில் இங்கே மகிந்த ராஜபக்ஷ. ஐரோப்பிய ஒன்றியத்திலோ ஆறு மாதத்துக்கொரு நாடு தலைமை ஏற்கும், அதற்காக யாரும் எதையும் இடைநிறுத்துவதில்லை! கதிர்காமர் கொலைக்குப் பின், 2005 செப்டெம்பரில், புலிகளின் தூதுக்குழுக்களை வரவேற்பதில்லை என்றார்கள். 2006 மே 29இல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தார்கள். அப்படியென்றால் உங்கள் நாட்டுக் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்றார்கள் புலிகள். சுவீடனும் பின்லாந்தும் டென்மார்க்கும் செப்டெம்பருக்குள் ஆட்களை எடுத்துக்கொண்டன. பட்டியல் சரியா பிழையா என்று நான் வாதாட வரவில்லை. யார் போவது யார் இருப்பது என்ற அந்தக் கணக்குக்கு நடுவில்தான், 2006 ஓகஸ்ட் தொடக்கத்தில், மூதூர் முஸ்லிம்கள் ஷெல்லடிக்கு நடுவே கந்தளாய்க்கு ஓடினார்கள். அதைக் கண்டு எந்தத் தலைநகரமும் தன் நாட்காட்டியை மாற்றியதாக நான் அறியேன்.

வெள்ளைக்காரனை ஏசிவிட்டு எழுந்து போவது சுலபம். நம் வீட்டையும் கொஞ்சம் பார்ப்போம். அஷ்ரப் 2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டரில் மௌத்தானார். ஒஸ்லோ இங்கே தரப்புகளை எண்ணத் தொடங்கிய அதே காலத்தில் நாம் வாரிசுகளை எண்ணிக்கொண்டிருந்தோம். 2002 ஏப்ரலில் ஹக்கீம் கிளிநொச்சி போய்ப் பிரபாகரனோடு ஒப்பமிட்டார், செப்டெம்பரில் அரச தூதுக்குழுவின் ஓர் அங்கமாகத் தாய்லாந்தில் உட்கார்ந்தார். அரசின் கதிரையில் இருந்துகொண்டு தனித்தரப்பு கேட்பது எப்படி என்று அன்று நம் பத்திரிகைகளில் கேட்டவர்கள் எத்தனை பேர்? 2003 சனவரி 29இல் ஒலுவிலில் திரண்டவர்கள் தலைவர்களுக்கு முந்திக்கொண்டு பிரகடனம் செய்தார்கள். தலைவர்களோ கட்சியைத் துண்டுபோடப் போனார்கள். பொறுப்பில் இருப்பவர் யார் என்று நோர்வே நம்மைக் கேட்டிருந்தாலும் ஒரு பெயரைச் சொல்லியிருப்போமா?

நோர்வே தன் தோல்வியைப் பற்றித் தானே ஆய்வு செய்வித்து 2011இல் வெளியிட்டது. அந்த நேர்மைக்கு ஒரு சலாம். சொல்ஹெய்மும் 2022இல் ஜனாதிபதி ரணிலின் காலநிலை ஆலோசகராகத் திரும்பி வந்தார். அவர்கள் தரப்புக் கதை அச்சில் இருக்கிறது. நம் தரப்பில் புத்தளம் முகாம்களிலிருந்து தூதரகங்களுக்கு எழுதிய மகஜர்கள் தகரப் பெட்டிகளில் கறையான் தின்கின்றன. மாமா கையெழுத்திட்ட இரண்டின் பிரதிகள் என்னிடம் இருக்கின்றன. வைத்திருக்கும் மற்றவர்கள் இதழின் முகவரிக்கு அனுப்பினால் திகதிவாரியாகத் தொகுக்கத் தொடங்கலாம்.