மோட்டார் ஓடும்போது நீர்மட்ட அளவு தாறுமாறாகக் காட்டுவது ஏன்?

கேள்வி: கிணறு வற்றினால் நீர்மூழ்கி மோட்டார் தானாக நிற்க, இரண்டு வயர் நீர்மட்ட டிரான்ஸ்மிட்டர் இறக்கப்பட்டுள்ளது. மோட்டார் ஓடும்போது மட்டும் அளவு தாறுமாறாகக் குதிக்கிறது. சென்சார் பழுதா?

பதில்: மோட்டார் நிற்கும்போது அளவு சரியாக இருந்தால், பெரும்பாலும் வயரிங்தான் காரணம். சென்சார் வயரை மோட்டார் கேபிளுடன் சேர்த்துக் கட்டக் கூடாது. தனிக் குழாயில், தள்ளிக் கொண்டுவர வேண்டும். குறுக்கே போக நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஷீல்டு கேபிளின் வலைக்கம்பியை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்தால் போதும்.

இந்த வகைக்குப் பொதுவாக 24 வோல்ட் டி.சி. மின்சாரம்தான். ஸ்டார்ட்டரிலிருந்து நேரடியாகக் கொடுத்தால் கருகிவிடும். பவர் சப்ளையின் பிளஸ், டிரான்ஸ்மிட்டர் பிளஸுக்கு. டிரான்ஸ்மிட்டர் மைனஸ், கன்ட்ரோலர் இன்புட் பிளஸுக்கு. இன்புட் மைனஸ், சப்ளை மைனஸுக்கு. மூன்றும் ஒரே வளையம். கன்ட்ரோலரே 24 வோல்ட் கொடுக்கும் ரகமானால், அதன் கையேட்டில் உள்ளபடி இணைக்கவும்.

சிக்னல் 4 முதல் 20 மில்லி ஆம்பியர். 10 மீட்டர் சென்சாருக்கு மேல் 5 மீட்டர் தண்ணீர் நின்றால் 12 காட்ட வேண்டும். வயர் அறுந்தால் 0 ஆகிவிடும். 4-க்கு நன்றாகக் கீழே இறங்கினாலும் மோட்டார் நிற்கும்படி கன்ட்ரோலரை அமைத்தால், வயர் அறுந்த நாளிலும் மோட்டார் காயில் தப்பும்.

கேபிளுக்குள் இருக்கும் மெல்லிய காற்றுக்குழாயை அடைக்கவோ, நனையவிடவோ வேண்டாம். மெயினை அணைத்த பிறகே, எலெக்ட்ரீஷியனை வைத்து வேலை செய்யவும்.