கூட்டம் கேட்டது பரபாஸை

போன ஞாயிறும் அதே பிரசங்கம்தான். செய்தியில் அடிபட்ட ஒரு கொலையைச் சொல்லிவிட்டு, "இவனையெல்லாம் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் என்ன ஆகப்போகிறது? கண்ணுக்குக் கண் என்று வேதமே சொல்லியிருக்கிறது" என்றார் பிரசங்கியார். சபை ஆமென் என்றது. ஆராதனை முடிந்து வாசலில் நின்றவர்களும் சுட்டுத் தள்ள வேண்டும் என்றே பேசினார்கள். நாடே அதைத்தான் கேட்கிறதாம். நாடு கேட்டால் அது நீதியாகிவிடுமாம். கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

வேதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தூக்குக்கயிறு கேட்பவர்கள் அந்த அதிகாரத்தையாவது முழுதாக வாசித்தார்களா? யாத்திராகமம் 21ஆம் அதிகாரம் 24ஆம் வசனத்தில் கண்ணுக்குக் கண் வருகிறது. இரண்டே வசனம் தள்ளி 26இல், அடிமையின் கண்ணைக் கெடுத்த எஜமான் அந்தக் கண்ணுக்கு ஈடாக அவனை விடுதலை செய்து அனுப்ப வேண்டும் என்று இருக்கிறது. எஜமானின் கண்ணைத் தோண்டு என்று இல்லை. யூத ரபிகள் அந்தச் சட்டத்துக்கு நஷ்டஈடு என்றே பொருள் கொண்டார்கள். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மரண தண்டனை நிறைவேற்றும் நீதிமன்றத்தைக்கூட நாசகார மன்றம் என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா பழிக்கிறது. தன்னைக் காயப்படுத்தியதற்காக ஒருவனைக் கொன்றுவிட்டு எழுபத்தேழு மடங்கு பழி என்று பெருமையடித்த லாமேக்கு ஆதியாகமத்திலேயே இருக்கிறான். அப்படிப்பட்ட வெறிக்குக் கடிவாளமாக வந்த சட்டத்தைத்தான் நம் பிரசங்கிமார் சாட்டையாகச் சுழற்றுகிறார்கள். மலைப்பிரசங்கத்தில் இயேசு இதே சட்டத்தைப் பெயர் சொல்லி எடுத்துத் தள்ளிவைத்தாரே, அது எந்த ஞாயிற்றுக்கிழமைக்கு?

சரி, பழைய ஏற்பாடுதான் வேண்டும் என்றால் உபாகமத்தையும் சேர்த்து வாசியுங்கள். இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஒருவனையும் கொல்லக் கூடாது. பொய்ச்சாட்சி சொன்னவனுக்கு அவன் அடுத்தவனுக்கு நினைத்த தண்டனையே கிடைக்கும். என்கவுண்டரில் சாட்சி யார்? சுட்டவர் மட்டும்.

ஜனங்கள் கேட்கிறார்கள் என்கிறீர்கள். ஜனங்கள் கேட்டபடி தீர்ப்பு எழுதிய அதிகாரி ஒருவனை வேதம் நமக்குக் காட்டுகிறது. அவன் பெயர் பிலாத்து. இந்த மனிதனிடம் குற்றம் காணவில்லை என்று மூன்று முறை சொன்னதாக லூக்கா எழுதுகிறார். கூட்டத்தைத் திருப்திப்படுத்தவே, அது கேட்ட கைதி பரபாஸை விடுதலை செய்து இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்தான் என்று மாற்கு எழுதுகிறார். அந்தக் கூச்சலும் தானாக எழவில்லை. பிரதான ஆசாரியர்கள் தூண்டிவிட்டது. இதை யூதர்களின் குற்றம் என்று திரித்து நூற்றாண்டுகளாக அவர்களை வதைத்தது சபையின் பாவம். தீர்ப்பு ரோம அதிகாரியுடையது. விசுவாசப் பிரமாணத்தில் அவன் பெயரை வாரம் தவறாமல் சொல்கிறோம். சொல்லி முடித்த கையோடு, நம் நீதிபதிகளும் பிலாத்தாக வேண்டும் என்று கேட்கிறோம்!

2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கில் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது, சுட்டவர்கள் மீது பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் பிறகு விசாரித்து, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றது. செத்தவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும், பத்துப் போலீசார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும் சொன்னது. பூத்தூவிய கைகள் அப்போது எங்கே போயின? அங்கேயும் கூட்டம் கேட்டது, பிலாத்து கொடுத்தான்.

சட்டம் எழுதுகிறவர்களும் கூட்டத்தின் வாயைப் பார்த்தே எழுதுகிறார்கள். டெல்லியில் மாணவி ஒருவர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகி இறந்த கொடுமைக்குப் பின் அமைந்த வர்மா குழு 2013 ஜனவரியில் அறிக்கை தந்தது. பாலியல் வன்முறைக்கு மரண தண்டனையை அது பரிந்துரைக்கவில்லை. காவல் துறையைச் சீர்திருத்து, திருமண உறவுக்குள் நடக்கும் வன்புணர்வையும் குற்றமாக்கு என்றது. அடுத்த மாதமே வந்த அவசரச் சட்டம் தூக்கை எடுத்துக்கொண்டது, இவற்றைக் கைவிட்டது. கயிறு என்றால் கைதட்டல் கிடைக்கும், போலீஸ் சீர்திருத்தத்துக்கு யார் கைதட்டுவார்? நீதிமன்றமும் விலக்கல்ல. 1983இல் மச்சி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 'சமூகத்தின் கூட்டு மனசாட்சி' அதிர்வதையும் மரண தண்டனைக்கு ஒரு காரணமாக்கியது. பிலாத்தின் வாசலில் கத்தியவர்களும் தங்களுக்கு மனசாட்சி இருப்பதாகத்தான் நம்பியிருப்பார்கள்.

இந்த வெறியை ஊட்டி வளர்ப்பதில் நம் சினிமாவுக்குப் பெரிய பங்கு. சட்டத்தை மிதிக்கும் போலீஸ் கதாநாயகனுக்கு விசிலடித்தே இரண்டு தலைமுறை வளர்ந்துவிட்டது. லத்தியால் கையை உடைத்துவிட்டு, கழிவறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி மாவுக்கட்டோடு கைதியை நிறுத்தும் புகைப்படத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம், பகிர்கிறோம். அதே லத்தி 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையையும் மகனையும் சாகடித்தபோது மட்டும் துடித்தோம். அவர்கள் அப்பாவிகள் என்பது நமக்குத் தெரிந்தது, அதனால் துடித்தோம். மாவுக்கட்டோடு நின்றவர்களில் எத்தனை பேர் அப்பாவிகள் என்று யார் கேட்டோம்? இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். பலர் ஜாமீன் கட்ட வக்கில்லாதவர்கள். அவர்களைக் குற்றவாளிகள் என்றே பேசிப் பழகிவிட்டோம்.

1999இல் ஒடிசாவில் மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு மகன்களையும் உயிரோடு எரித்தவர்களை அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தார். அந்த விதவையின் மன்னிப்பைச் சொல்லாத பிரசங்க மேடை உண்டா? அவரைப் புகழ்ந்த அதே வாய் எப்படிச் 'சுட்டுத் தள்ளு' என்கிறது? கத்தோலிக்கத் திருச்சபை 2018இல் தன் மறைக்கல்வி ஏட்டைத் திருத்தி, மரண தண்டனையை ஏற்க முடியாது என்று தெளிவாக எழுதிவிட்டது. நம் சபைகள் எதற்காகக் காத்திருக்கின்றன?

பாதிக்கப்பட்டவருக்கு நீதி வேண்டும் என்பதில் எனக்கு அணுவளவும் சந்தேகமில்லை. சரியான விசாரணையும், விரைவான தீர்ப்பும், சாட்சிக்குப் பாதுகாப்பும்தான் அந்த நீதி. தப்பான ஆளைக் கொன்றால் உண்மையான குற்றவாளிக்கு விடுதலை. பரபாஸுக்குக் கிடைத்தது அதுதான், அவன் கலகத்திலும் கொலையிலும் பிடிபட்டவன். ஆகவே பிரசங்கியார்களே, கொலைக்கு ஆமென் வாங்குவதை நிறுத்துங்கள். மத்தேயு 25இல் தீர்ப்பு நாளின் கேள்விகளில் ஒன்று சிறையில் இருப்பவனைப் போய்ப் பார்த்தாயா என்பது. எத்தனை பேரைச் சுடச் சொன்னாய் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.