சிவப்பு வரிகளை யார் வாசிப்பது?

தமிழ் கற்பிப்பவனுக்குக் கணினிப் பாதுகாப்பில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஓர் அறிக்கையைத் தப்பாக வாசித்ததால் ஒரு மனிதருக்கு அநீதி நேர்ந்திருக்கிறது. வாசிப்பு என் தொழில், ஆகவே எழுதுகிறேன்.

ஆத்தூர்ப் பக்கம் நான் பணியாற்றும் கல்லூரியில் நூலகப் பட்டியலைத் தாங்கும் சர்வர் ஒன்று உண்டு. டெபியன் லினக்ஸில் ஓடுவது. ஆய்வுக்குழு வருவதை முன்னிட்டு வெளியாள் ஒருவர் தானியங்கி நிரலை ஏவி அதைச் சோதித்தார். நாற்பது பக்க அறிக்கை வந்தது. மறுநாளே, ஒப்பந்த ஊதியத்தில் இருக்கும் ஆய்வகப் பணியாளருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம்: பழைய பதிப்பு மென்பொருளை ஏன் விட்டுவைத்தீர்?

'பழைய பதிப்பு' என்ற சொல்லில்தான் பிழை இருக்கிறது. இத்தகைய நிரல், கணினிக்குள் நுழையாமல் வெளியிலிருந்து சோதிக்கும்போது பெரும்பாலும் செய்வது எளிய வேலை: மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் கேட்டுத் தன் குறைப்பட்டியலோடு ஒப்பிடுகிறது. எண் சிறியதென்றால் சிவப்பு. ஆனால் டெபியன், ரெட் ஹேட் போன்றவை பெரும்பாலும் புதுப்பதிப்பை அப்படியே கொண்டுவருவதில்லை. பழைய பதிப்பிலேயே குறையை மட்டும் திருத்தி, எண்ணை விட்டுவிடுகின்றன. 2014 ஏப்ரலில் உலகை உலுக்கிய ஹார்ட்பிளீட் குறைக்காக ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவினர் 1.0.1 'ஜி' என்ற பதிப்பை வெளியிட்டார்கள். டெபியன் 7 வைத்திருந்ததோ 1.0.1 'ஈ'. திருத்தம் வந்த பிறகும் அது 'ஈ'யாகவே இருந்தது; வாலில் ஒட்டிய டெபியனின் சொந்த எண் மட்டும் மாறியது. முகப்பை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஜவ்வரிசி மூட்டையின் சீட்டை மட்டும் பார்த்து விலை சொல்லும் வியாபாரி எங்கள் ஊரில் ஒரு வாரம் தாங்கமாட்டார்.

சரிபார்ப்பது கடினமா? பெரும்பாலான குறைகளுக்குச் சி.வி.இ. எண் உண்டு. அந்த எண் தொகுப்பின் மாற்றக் குறிப்பில் இருக்கிறதா என்று தேடவேண்டும். அல்லது, உள்நுழைவு அனுமதி கொடுத்து, தொகுப்பின் முழு எண்ணையும் பார்க்கும்படி நிரலை மீண்டும் ஓட்டவேண்டும். நானும் அவரும் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்த பதினொரு சிவப்பு வரிகளில் ஒன்பது முன்பே திருத்தப்பட்டவை. மீதி இரண்டும் உண்மையான குறைகள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த மாலைக்கு முன்பே, கடிதத்துக்கு அஞ்சிய அவர் ஒரு மென்பொருளின் புதுப்பதிப்பை இணையத்திலிருந்து இறக்கித் தாமே நிறுவிவிட்டார். இரண்டு நாள் நூலகப் பட்டியல் முடங்கியது. மறுசோதனையில் அந்த வரி பச்சையானது. ஆனால் டெபியன் அனுப்பும் திருத்தங்கள் கையால் நிறுவியதைத் தொடுவதில்லை. நாளை புதிய குறை வெளிப்பட்டால் அவரே நினைவாக வந்து திருத்தவேண்டும். மதிப்பெண் ஏறியது, பாதுகாப்பு இறங்கியது.

"அப்படியானால் சோதனையே வேண்டாம் என்கிறீரா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். இல்லை ஐயா. 2017 மார்ச்சில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட திருத்தத்தை நிறுவாத கணினிகளைத்தான் அவ்வாண்டு மே மாதம் வான்னாகிரை வாரிச் சுருட்டியது. விடுபட்டவற்றை இயந்திரம் எண்ணட்டும். தீர்ப்பையும் அதனிடமே விடுவதைத்தான் எதிர்க்கிறேன். கேட்ட கேள்விக்கு மட்டுமே அது விடை தரும்.

மனிதர்களின் அறிக்கையும் சில வேளை அப்படித்தான். 2019 அக்டோபர் 29 அன்று கூடங்குளம் அணுமின் நிலையம் வெளியிட்ட மறுப்பு, கட்டுப்பாட்டு அமைப்புகள் இணையத்தோடு இணைக்கப்படாதவை, அவற்றின்மீது தாக்குதல் சாத்தியமில்லை என்றது. மறுநாள் இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான வலையமைப்பில் இணையத் தொடர்புள்ள ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. செர்ட்-இன் அதைச் செப்டம்பர் 4 அன்றே தெரிவித்திருந்தது. முதல் அறிக்கையில் 'கட்டுப்பாட்டு அமைப்பு' என்பதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். அவ்வாக்கியம் மறுநாளும் பொய்யாகவில்லை. ஊர் கேட்ட கேள்விதான் வேறு.

ஒன்பது வரிகளுக்கும் ஆதாரம் இணைத்து நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறோம். "பச்சை வந்துவிட்டதே, இனி என்ன?" என்கிறார்கள். விளக்கம் கேட்ட கடிதம் இன்னும் அவருடைய கோப்பில் இருக்கிறது. ஜூனில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அந்தக் கோப்பைத்தான் திறப்பார்கள்.