சோழவரத்துத் தழும்பு

என் வலது கெண்டைக்காலில் ஒரு தழும்பு உண்டு. சோழவரம் தந்தது! உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் புதுத் தளம் வரும்வரை சென்னைக்காரர்களுக்கு மோட்டார் பந்தயம் என்றால் அங்கேதான்.

1988-இல் எனக்கு எட்டு வயசு. கூட்டம் கலைந்ததும் அப்பா என்னை ஜாவாவின் டாங்க் மேல் உட்காரவைத்து ஒரு சுற்று வந்தார். ஹாண்டில்பார் என் கையில்! இறங்கும்போதுதான் சைலன்சர் சுட்டுவிட்டது.

அம்மா பேனா மையைத் தடவினாள். (அந்நாளில் எல்லார் வீட்டிலும் அதுதானே வைத்தியம்?) "பொம்பளைப் பிள்ளைக்கு வண்டி எதுக்கு?" என்றாள். புண் சீழ் பிடித்தது. வண்டி ஆசையும் அத்தோடு போச்சு.

போன மாதம் என் பெண்ணுக்கும் அதே சூடு. மையுமில்லை, பற்பசையுமில்லை, 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காலைப் பிடித்தேன். வண்டியை விடச் சொல்லவில்லை.