மூலை அறுக்கக் கூப்பிடுகிறார்கள்

தை மாசம் அறந்தாங்கிப் பக்கம் வந்து பாருங்கள். கல்லணைக் கால்வாயின் கடைமடை வயல்களில் அறுப்பு மிஷின் இறங்குவதற்கு முன்னால் கருக்கரிவாளோடு நாலு பொம்பளைகள் இறங்குவார்கள். மிஷின் திரும்ப இடம் வேண்டுமே, அதற்காக வயலின் மூலைகளைக் கையால் அறுத்துக் கொடுக்க வேண்டும். அந்த நாலு பேரில் ஒருத்தி என் ஆத்தா. நாற்பது வருசம் முழு வயலையும் அறுத்தவள் இப்போது மூலை அறுக்கிறாள். அரைமணி நேர வேலை. தன் பொழைப்பைத் தின்ன வருகிறதுக்குத் தானே வழிவெட்டி விடுகிறாள்.

முன்னெல்லாம் அறுப்பென்றால் சேரியிலிருந்து இருபது முப்பது பேர் போவோம். அரி அரியாகப் போட்டு, கட்டுக்கட்டி, களத்தில் அடித்து, தூற்றி, கூலியை நெல்லாக வாங்கி வருவோம். அதைப் பொற்காலம் என்று எழுத நான் வரவில்லை. இடுப்பு ஒடியும். மரக்காலில் ஏமாற்றுவார்கள், சாதிப்பேரைச் சொல்லி ஏசுவார்கள். ஆனாலும் உதிர்ந்த கதிரைப் பொறுக்குகிற கிழவிக்கும் ஒரு படி நெல் கிடைத்தது. அதைவிடப் பெரிய விசயம், வருசத்தில் அந்த நாலு நாள்தான் எங்களுக்கு வாய் இருந்தது. விளைந்த நெல் யாருக்காகவும் காத்திருக்காது, ஒரு மழைக்குச் சாய்ந்துவிடும். "கூலியச் சொல்லுங்கய்யா, அப்பறம் எறங்குறோம்" என்று எங்க ஆட்கள் வரப்பில் உட்கார்ந்தால் நிலக்காரர் வந்து பேசித்தான் ஆகணும். மிஷின் கூலியை மட்டும் கொண்டுபோகவில்லை, அந்த வரப்பையும் கொண்டுபோய்விட்டது.

"ஆள் கெடைக்கல, அதான் மிஷினு" என்கிறார்கள். 2005-ல் நூறுநாள் வேலைச் சட்டம் வந்த பிறகு இந்தப் புலம்பல் கூடிப்போனது. பழைய கூலிக்கு, பழைய கைகட்டலோடு ஆள் கிடைக்கவில்லை என்று பச்சையாகச் சொல்ல வேண்டியதுதானே? 1968-ல் கீழவெண்மணியில் கூலி கூடக் கேட்டபோது மிராசுதார்கள் வெளியூர் ஆளை இறக்கினார்கள். டிசம்பர் 25 ராத்திரி 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். இன்றைக்கு வெளியூர் ஆளின் இடத்தில் மிஷின். அதுக்குச் சங்கம் கிடையாது, வரப்பில் உட்காரவும் தெரியாது.

உடனே படித்த நண்பர்கள் கேட்பார்கள்: அப்படியானால் நீ மிஷினுக்கு எதிரியா, ராட்டையைச் சுத்தப் போறியா? நமக்கெதுக்கு ராட்டை. இயந்திரம் வேண்டாம் என்ற காந்தியத்தைக் கிழித்தவர் அம்பேத்கர். காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதோருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டு 1945-ல் அவர் எழுதிய நூலில், மனிதன் மாடாய் உழைப்பதிலிருந்து மீள இயந்திரம் வேண்டும் என்றார். கோளாறு இயந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலபேருக்கே ஒதுக்குகிற சமூக அமைப்பில் இருக்கிறது என்றார். ஆத்தாவின் இடுப்பைக் கேட்டால் அதுவும் அவர் கட்சிதான்.

அப்படிப் பார்த்தால் மிஷின் முதலில் எங்கே இறங்கியிருக்க வேண்டும்? மலக்குழியில். 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். 2018-ல் கேரளத்து இளைஞர்கள் பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்கிற பாண்டிகூட் ரோபோவையே செய்து காட்டினார்கள். 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 30 லட்சமாகக் கூட்டியது. சாவு நின்றிருந்தால் தொகையைக் கூட்டுவானேன்? கூலி கேட்கிற இடத்துக்கு ஓடிவருகிற மிஷின் பீக்குழிக்கு மட்டும் நத்தையாய் ஊர்கிறது. அங்கே ஆள் மலிவு, என்ன சாதி ஆள் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த மாவட்டமே ஒரு முறை வேறு வழி காட்டியது. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்க காலத்தில், குடுமியான்மலைப் பக்கம் கல்லுடைத்த பெண்களுக்கே குவாரிக் குத்தகை கிடைத்தது. காண்ட்ராக்டரிடம் கொத்தடிமையாகக் கிடந்தவர்கள் கணக்கெழுதினார்கள், சைக்கிள் விட்டார்கள். நாடே வியந்தது. கல் அவள் கைக்கு வந்தது. இன்றைக்கு ஜல்லி அரைக்கிற கிரஷர்களில் எத்தனை அவள் பேரில் இருக்கிறது?

மானியம் இருக்கே என்பார்கள். 2014-15-ல் தொடங்கிய ஒன்றிய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் தாழ்த்தப்பட்ட விவசாயிக்கு 50 சதவீதம் வரை மானியம். 'விவசாயி' என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்க தெருப் பொம்பளைகள் பத்துப்பேர் சேர்ந்து ஒரு மிஷின் வாங்க முடியுமா என்று ஓர் அலுவலகத்தில் கேட்கப் போனோம். "சிட்டா, அடங்கல் கொண்டாந்தீங்களாம்மா?" என்றார் அங்கிருந்தவர். "நெலம் இருந்தா நாங்க ஏஞ்சார் மூலை அறுக்கப் போறோம்?" என்று கேட்டுவிட்டு வந்தாள் ஆத்தா.

நிலமில்லாத அறுப்புக்காரிகளின் குழுவுக்குச் சிட்டா கேட்காமல் மிஷின் கொடுக்க வேண்டும். மணிக்கணக்கு வாடகையை அவர்கள் வாங்கட்டும், ஓட்டுவதை எங்க பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். தோழர்களே, கூலி உயர்வுக் கோரிக்கையோடு இதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த தைக்குள் எங்க தெருக் கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டும்.