பழைய பட்டுக்கு ஏன் இத்தனை மதிப்பு?

பழம்பொருள்கள் யாவற்றினும் ஆயுள் குறைந்தது ஆடையே. கல் நிற்கும், செம்பு நிற்கும், பட்டோ வியர்வைக்கும் வெயிலுக்கும் பூச்சிக்கும் இரையாகிவிடும். அவ்வாறிருக்க, ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரத்துத் தையலகங்களில் உருவான மாலை விருந்துக் கவுண்களை மேனாட்டார் இன்று பெரும்பொருள் கொடுத்து ஏலத்தில் எடுக்கின்றனர். நூதனசாலைகள் அவற்றைப் பேழைகளில் வைத்துக் காக்கின்றன. இது செல்வர்தம் வீண் ஆடம்பரம் என்று நாம் ஒதுக்கிவிடலாமா? ஒதுக்குமுன், அவற்றுள் ஒரு வகையையேனும் உள்ளும் புறமும் நோக்குதல் நன்று.

மட்லேன் வியொன்னே என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1876இல் எளிய குடும்பத்திற் பிறந்தவர். சிறுமியாயிருந்தபோதே தையற் பயிற்சிக்கு விடப்பட்டவர். 1912இல் பாரிஸிலே தமக்கெனத் தையலகம் ஒன்றைத் தொடங்கினார். 1914இல் போர் வந்து அதனை மூடுவித்தது. போரின் பின் மீண்டும் திறந்து, 1939இல் அடுத்த போர் மூளும்வரை நடத்தினார். அவருக்கு அழியாப் புகழ் தந்தது, துணியை மூலைவாட்டாக வெட்டும் முறையாகும்.

அஃதென்ன முறை? மாணவர்கள் தத்தம் கைக்குட்டையை எடுத்துப் பார்க்கலாம். நூல் ஓடும் வழியே இழுத்தால் அது நீளாது. எதிர்மூலைகளைப் பிடித்து இழுத்தாலோ நீண்டு கொடுக்கும். இந்த நெகிழ்வைத் தையற்காரர் கழுத்துப்பட்டி போன்ற சிறு பகுதிகளுக்கே பயன்படுத்தி வந்தனர். வியொன்னே முழு ஆடையையுமே அவ்வாறு வெட்டத் துணிந்தார். அதற்கென வழக்கத்தினும் அகலமான கிரேப் பட்டை நெய்வித்தார். சிறிய மரப்பாவை ஒன்றின்மேல் துணியைச் சுற்றிப் பார்த்தே ஆடைக்கு உருவம் கண்டார். அவர் கவுண்களுள் பலவற்றுக்குப் பொத்தானும் இல்லை, கொக்கியும் இல்லை. தலைவழியே அணிந்தால் நீர் வழிந்தாற்போல உடலைத் தழுவி நிற்கும். பார்வைக்கு எளிமை, அவ்வெளிமையின் பின்னே நிற்பது கேத்திரகணிதம்.

போலிகளைத் தடுக்கும்பொருட்டுத் தம் பெருவிரல் அடையாளத்தை ஆடையின் பெயர்ப்பட்டியிற் பதித்தார். அவருடைய தையலகத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தொழில் புரிந்தனர். அவர்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறையும், உணவுச்சாலையும், வைத்திய வசதியும், முதுகு சாய்க்க நாற்காலியும் அளித்தார். அக்காலத்தில் இவை அரிய சலுகைகள். ஆயினும் ஊசி பிடித்த அத்தனை பெண்களின் பெயர்களையும் இன்று யார் அறிவர்? அவர்கள் இட்ட தையலே எஞ்சியுள்ளது. பழங்கவுணின் கவர்ச்சி அதிலேதான் தங்கியிருக்கிறது என்பது நம் கருத்து.

அத்தகைய ஆடையை இன்று ஒருவர் அணியலாமா? மூலைவாட்டில் வெட்டிய கவுணைக் கொழுவித் தொங்கவிட்டாலே அது தன் பாரத்தால் நீண்டு உருக்குலையும். ஆதலால் நூதனசாலையார் அதனைப் படுக்கையாகவே வைப்பர். தொங்குதலையே தாங்காதது விருந்தையும் நடனத்தையும் எங்ஙனம் தாங்கும்? 1962இல் கென்னடியின் பிறந்தநாள் விழாவிற் பாடியபோது மரிலின் மன்றோ அணிந்த கவுணை, 2022இல் கிம் கர்தாசியன் நியூயோர்க் விழாவொன்றிற் சிறிது நேரம் அணிந்தார். அதன்பின் சர்வதேச நூதனசாலைகள் மன்றம், வரலாற்று ஆடைகளை எவரும் அணிதல் ஆகாது என அறிவித்தது. நாமும் அதற்கே உடன்படுகிறோம்.

பேழைக்குள் பூட்டிவைத்தாற் கலை வாழுமா என்று சிலர் வினவலாம். வியொன்னே 1952இல் தம் ஆடைகளுள் 120க்கு மேற்பட்டவற்றைப் பாரிஸில் ஆடைக்கலை பேணும் சங்கமொன்றுக்கு நன்கொடையாக அளித்தார். பெற்றி கேர்க் என்ற அமெரிக்கப் பெண்மணி அவருடைய பழைய கவுண்களை ஆராய்ந்து, அவற்றின் வெட்டுருவங்களை வரைந்து நூலாக்கினார். அந்நூல் 1991இல் ஜப்பானிய மொழியிலும் 1998இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. தையல் பயிலும் மாணவி எந்த நாட்டினளாயினும், அவ்வரைபடத்தை விரித்துவைத்துப் புதுத்துணியில் தன் கத்தரிக்கோலை ஓட்டலாம். பழைய பட்டு உறங்கட்டும். அதனை ஆக்கிய அறிவு புதிய கைகளில் உழைக்கட்டும்.